அலுவலக உபயோகத்துக்கு மட்டும்

லேமினேஷன்காரரின் தங்கை இருக்கும் நகரத்திலும் விமான நிலையம் உண்டு. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே போகிற விமானம் முதலில் ஓர் ஊரில் இறக்கிவிட்டு எட்டு மணி நேரம் உட்கார வைக்கும். இரண்டாவது ஊரில் இறக்கிவிட்டுப் பத்து மணி நேரம் உட்கார வைக்கும். ஒன்றரை நாள் கழித்து, முதுகு பலகையாகிப் போன பிறகு, கொண்டுபோய்ச் சேர்க்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது. இதற்குப் பதில், எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கும் பக்கத்து நகரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பறந்து, அங்கே ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி ஓட்டிப் போனால், காலையில் கிளம்பி அன்று மத்தியானமே தங்கை வீட்டு வாசலில் நிற்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டவள் லேமினேஷன்காரரின் மனைவி. பதினெட்டு வருடமாக ஓட்டுநர் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு கியர் போடச் சொல்லிக்கொடுத்தவள், கட்டின புருஷனிடம் மட்டும் தோற்றுப்போனாள். இரண்டாம் நாளே சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். மனுஷர் ரோட்டைப் பார்க்காமல் எதிரே வருகிற லாரியின் நம்பர் பலகை மங்கியிருக்கிறதே, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டு வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?

போகிற காரியமும் சும்மா பார்த்துவிட்டு வருகிற காரியமில்லை. தங்கைக்குக் கல்யாணம். நாற்பத்தோரு வயதில். பல் மருத்துவமனைக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. அந்தக் கட்டிடத்து லிஃப்டை மாதா மாதம் பார்க்க வரும் மெக்கானிக்கை அவளுக்குப் பிடித்துப்போனது. நன்றாக ஓடுகிற லிஃப்டை மாதத்துக்கு நாலு தடவை பார்க்க வந்தால் யாருக்குமே விஷயம் புரிந்துவிடும். பதிவு அலுவலகத்தில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு பக்கத்திலிருந்தும் குடும்பத்து ஆள் ஒருவர் நேரில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் வராவிட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான்.

மாப்பிள்ளை பக்கம் பதினாறு பேர் இருந்தார்கள். தங்கை பக்கம் இரண்டே பேர், அண்ணனும் அண்ணியும். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது, இவருக்கு இருபத்தொன்று. கடையில் காகிதக் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை மாட்டித்தான் அவளுக்கு ஜடை பின்னிவிடுவார். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் மீசை சரியாக முளைக்காத இவர் போய் உட்காருவார். அவள் வளர்ந்து, படித்து, எல்லை தாண்டி வேலைக்குப் போயும் இவருக்கு அவள் குட்டிதான். அந்தக் குட்டி போனில் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு வேற எதுவும் வேண்டாண்ணா. நீ என் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து மனுஷர் கடையில் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்தார். முப்பது வருடமாகப் போடும் கையெழுத்துதான். ஆனாலும் கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் கம்பீரமாக நீள வேண்டும் என்று ஆசை. புதுப் பேனா ஒன்றும் வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

இப்போது அவருடைய வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே எட்டடி அகலக் கடை. இரண்டு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு லேமினேஷன் இயந்திரம். அவர் போட்ட லேமினேஷனில் ஒரு குமிழி இருந்தது என்று யாரும் நிரூபித்ததில்லை. ஓரத்தை மயிரிழை விட்டு வெட்டி, நாலு மூலையையும் உருட்டிக் கொடுப்பார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது அல்லவா? வீட்டிலும் அதே வேலைதான். தண்ணீர் வரும் நேர அட்டவணை, பால் கணக்கு, மனைவியின் லைசென்ஸ் எல்லாம் பளபளவென்று இருக்கும். ஒரு தடவை டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையே லேமினேட் செய்துவிட்டார். அடுத்த முறை டாக்டர் அதன்மேல் எழுதப் பார்த்து, பேனா வழுக்கி, மனைவியின் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. தங்கையின் பட்டச் சான்றிதழ் வந்த அன்றே, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக, அதை லேமினேட் செய்து மாட்டிவிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தபோது அதன் முதுகில் ஒரு முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். பிளாஸ்டிக்கில் முத்திரை எப்படி விழும்? இவரே உட்கார்ந்து உரித்துப் பார்த்தார். சான்றிதழ் நடுவில் கிழிந்தது. மறுபிரதி வாங்க நாலு மாதம். அந்த வேலை போய் வேறு வேலைதான் கிடைத்தது. தங்கை அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தை மீறி அது இவருக்குக் கேட்டது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: முத்திரை விழுந்த தாளைத்தான் லேமினேட் செய்வது, விழாததைத் தொடுவதில்லை. அந்தச் சட்டத்தைப் பதினாறு வருடமாக மீறியதே இல்லை.

எல்லை தாண்ட இரண்டு பேருக்கும் இரண்டு அனுமதித் தாள் வேண்டும். தங்கை அந்தப் பக்கத்து அலுவலகத்தில் வாங்கிக் கூரியரில் அனுப்பியிருந்தாள். நல்ல கனமான தாள், மேலே நம்பர், நடுவில் வட்டமாக நீல முத்திரை. மனைவி அவரிடம் கொடுத்து இரண்டு ஜெராக்ஸ் மட்டும் எடுத்து வரச் சொன்னாள். மட்டும் என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னாள்.

ஜெராக்ஸ் எடுத்தார். பிறகு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முத்திரை விழுந்திருக்கிறதா? விழுந்திருக்கிறது. கீழே ஒரு காலிக் கட்டம் இருந்தது, "அலுவலக உபயோகத்துக்கு மட்டும்" என்று தலைப்புப் போட்டு. நீங்களும் நானும் அதைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்போம். அவர் யோசிக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது வருடத்தில் லட்சம் படிவம் அவர் கையில் புரண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருக்கும். ஒன்றிலாவது, ஒரே ஒன்றிலாவது, எந்த அலுவலகமும் அதில் ஒரு புள்ளி வைத்து அவர் பார்த்ததில்லை. அது சும்மா அழகுக்குப் போடுகிற கட்டம் என்றே முடிவுகட்டி வைத்திருந்தார். இயந்திரம் சூடாக வேறு இருந்தது. மழையில் நனைந்தால் என்ன ஆவது, விமானத்தில் காபி கொட்டினால் என்ன ஆவது? குட்டியின் கல்யாணத்துக்குப் போகிற தாள் அல்லவா? உள்ளே விட்டார். வாழ்நாளிலேயே இவ்வளவு அழகாக இரண்டு தாள் அமைந்ததில்லை. மனைவிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று உறையில் போட்டு மூடிவைத்தார்.

விமானம் ஒரே நாட்டுக்குள் பறந்ததால் விமான நிலையத்தில் அந்த உறையை யாரும் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குக் கார் கம்பெனியில் மனைவி வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் உதைத்துப் பார்த்தாள், எல்லை தாண்டலாம் என்ற கடிதத்தை வாங்கித் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தக் கடிதம் பிழைத்தது அதனால்தான்.

ஒரு மணி நேர ஓட்டம். ரோடு வெறிச்சென்று நீண்டிருந்தது. அவள் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். "வாங்க" என்று சொல்ல முடியாது, போகிறவர் இவர். "லிஃப்ட் எப்படி இருக்கு" என்று கேட்டால் கிண்டல் ஆகிவிடும். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேசாமல் சிரித்துக்கொண்டு நில்லுங்கள், நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால்தான் கல்யாணம் நல்லபடியாக நடக்கும் என்றாள். அவருக்கு அது வருத்தமாக இல்லை. அன்றைக்கு அவருக்கு எதுவுமே வருத்தமாக இல்லை.

எல்லையில் ஒரு நீளமான தகரக் கொட்டகை, ஆறு ஜன்னல். இவர்கள் வரிசை நகர்ந்து ஜன்னலுக்கு வந்தபோது பத்தேமுக்கால். உள்ளே ஒரு பெண் அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லேமினேஷன்காரர் உறையைத் திறந்து இரண்டு தாளையும் எடுத்து நீட்டினார். வெயில் பட்டு இரண்டும் பளீரென்று மின்னின. மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்தது, ஆனால் அவர் எதிர்பார்த்த ஆச்சரியம் அதுவல்ல.

அதிகாரி முத்திரையை மையில் தோய்த்து, கீழே அந்தக் காலிக் கட்டத்தில் குத்தினாள். முத்திரை வழுக்கியது. இன்னொரு தடவை குத்தினாள். மை முத்து முத்தாக நின்றது. விரலால் தொட்டாள், எல்லாம் ஈஷிக்கொண்டு வந்துவிட்டது. நீலமான விரலையும் அவரையும் பார்த்தாள்.

அவள் நல்ல மாதிரிதான். கத்தவில்லை. பாஸ்போர்ட்டில் குத்துகிற வழக்கம் இங்கே இல்லை, இந்தத் தாளில் இந்தக் கட்டத்தில்தான் குத்த வேண்டும், ஜெராக்ஸில் குத்தினால் என் வேலை போய்விடும், புதுத் தாள் வாங்கப் பத்து நாள் ஆகும் என்று பொறுமையாக விளக்கினாள். பிறகு சொன்னாள்: "எனக்குக் குத்த இடம் வேணும். நம்பரும் நடுவுல இருக்கிற சீலும் கிழியாம, மை ஒட்டற மாதிரி பேப்பரைக் கொண்டு வாங்க. குத்தறேன். பிளாஸ்டிக்கைக் குடுத்தா நான் என்ன செய்ய முடியும்?"

லேமினேஷன்காரருக்குக் குளியலறைக் குழாய்ச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டதே, அதுவும் இரண்டாவது தடவையாக, அதே பிள்ளைக்கு. மனைவி திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஓட்டுநர் பள்ளியில் மாணவன் காரைச் சுவரில் முட்டிய பிறகு எந்தக் குரலில் பேசுவாளோ, அந்தக் குரலில் பேசினாள். மணி பதினொன்று ஆகவில்லை, பன்னிரண்டரைக்குள் இங்கிருந்து கிளம்பினால் மூன்று மணிக்குப் போய்விடலாம், முதலில் அந்த மூலையில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நடங்கள் என்றாள்.

எந்த எல்லையானாலும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். இருக்காமல் எப்படி? கடைக்காரர் முப்பது வயது ஆள். தாள்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? யார் போட்ட லேமினேஷன் இது, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று. வேறொரு நாளாக இருந்திருந்தால் நம்மவர் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்திருப்பார். இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் இயந்திரத்தைச் சூடு பண்ணுங்கள் என்றார்.

பசை சூட்டில் இளகும். இளகின அரை நிமிடத்துக்குள் உரிக்க வேண்டும். சொல்லச் சுலபம்தான். பூட்டுப் போட்டே பழகின கை அது, திறந்து பழக்கமில்லை. ஒரே ஒரு முறை திறக்கப் பார்த்தது, அதன் லட்சணம் தெரிந்ததுதான். இயந்திரம் சூடாகிக்கொண்டிருக்கும்போது மனைவி ஒரு யோசனை சொன்னாள். மொத்தமும் எதற்கு உரிக்க வேண்டும்? அந்த அம்மா கேட்டது குத்துவதற்கு ஓர் இடம். அந்தக் கட்டத்தை மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டி உரித்தால் போதாதா?

நல்ல யோசனை. யாருக்கும் தெரியும் அது நல்ல யோசனை என்று. ஆனால் நம்மவருக்கு முப்பது வருட மானம் குறுக்கே வந்து நின்றது. பாதி உரித்து, பாதி மின்னி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு தாளை ஜன்னலில் நீட்டுவதா? பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார். கல்யாணத்துக்குப் போகிற தாள் என்றார். அவளுக்கு வந்த கோபத்தை அவள் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"சரி, உரிங்க. முதல்ல யாரோடத?"

"என்னோடத," என்றார் அவர். யோசிக்காமல் சொன்னார்.

அவர் தாள் உருளைக்குள் போய்ச் சூடாக வெளியே வந்தது. ஓரத்தைச் சீவினார். பின்பக்கத்துப் பிளாஸ்டிக்கைப் பென்சிலில் சுற்றிச் சுற்றி உரித்தார். அழகாக வந்தது. கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம்மவருக்கே நம்பிக்கை வந்தது. மறுபடி சூடு காட்டி, முன்பக்கத்து மூலையைக் கிளப்பினார். பின்னால் தாங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் போய்விட்டதால் தாளுக்குத் தெம்பு இல்லை. கால்வாசி வந்தது. பாதி வந்தது. நீல முத்திரைக்கு வந்ததும் அவர் விரலுக்கு முதலில் தெரிந்துவிட்டது. தாள் முத்திரையோடும் நம்பரோடும் இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று.

பதினாறு வருடத்துக்கு முன்னால் கிழிந்த அதே மாதிரி, அதே சாய்வில் கிழிந்திருந்தது. லேமினேஷன்காரர் இரண்டு துண்டையும் பொருத்திவைத்துப் பார்த்தார். பொருந்தத்தான் செய்தது, ஆனால் எந்த ஜன்னலிலும் அது செல்லாது என்று அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அந்தத் துண்டுகளை மடித்துச் சட்டைப் பையில், புதுப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு மனைவியின் தாளை எடுத்தார்.

"நீ சொன்ன மாதிரியே பண்றேன்," என்றார்.

மானம் போன பிறகு கை நிதானமாகிவிட்டது. அது எப்படி என்று கேட்காதீர்கள், அப்படித்தான் ஆகிறது. பிளேடைக் கட்டத்தின் கோட்டின்மேல் வைத்து, பிளாஸ்டிக்கை மட்டும் கீறினார். தாளில் கீறல் விழவில்லை. சூடு காட்டினார். ஒரு குண்டூசியால் மூலையைத் தூக்கி, நகத்தால் பிடித்து, மெதுவாக, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஒட்டின முடியை விலக்குகிற மாதிரி இழுத்தார். ஒரு சின்னச் செவ்வகம் கையோடு வந்தது. கீழே தாள் தாளாகவே இருந்தது. ஒட்டியிருந்த பசையை அழிரப்பரால் தேய்த்து எடுத்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, பல் விழுந்த வாய் மாதிரி.

அதிகாரி அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குத்தினாள். மை ஒரு நொடி யோசித்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அப்போது மணி பன்னிரண்டு பத்து.

அடுத்தது போன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பேசட்டுமா என்றாள் மனைவி. வேண்டாம் என்று அவரே வாங்கிக்கொண்டார்.

"குட்டி, அண்ணி கிளம்பிட்டா. மூணு மணிக்கு முன்னாடி வந்துடுவா. கையெழுத்து அவ போடுவா."

அந்தப் பக்கம் யாரோ பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டு ஆட்களாக இருக்க வேண்டும்.

"நீ?"

"நான் எல்லையிலதான் இருக்கேன். கூப்பிடு தூரந்தான்."

"மறுபடியும் லேமினேட் பண்ணிட்டியாண்ணா?"

அவர் உம் என்றார். திட்டப் போகிறாள், அல்லது எங்கேயாவது ஒரு குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு மாதிரி ஆனது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

மனைவி காரில் ஏறினாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பழக்க தோஷத்தில் அந்தப் பக்கத்து பெல்ட்டைக் கையால் இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு ஜன்னலை இறக்கி, அவருடைய மாத்திரை டப்பாவையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் நீட்டி, வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். தடுப்புக் கம்பம் ஏறியது, இறங்கியது. அந்தக் கார் வளைவில் மறைகிறவரை அவர் வெயிலில்தான் நின்றார்.

எங்கே போவார்? ஜெராக்ஸ் கடைக்குத்தான் திரும்பி வந்தார். கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷர், வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும் கீழே இருக்கும் கட்டத்தைக் காட்டி, இதைக் காலியாக விடுங்கள், இதன்மேல் எதையும் ஒட்டிவிடாதீர்கள் என்று கேட்காமலேயே உபதேசம் செய்தார். ஒரு பெரியவர் தன் தாளை லேமினேட் செய்யச் சொல்லி நீட்டினார். நம்மவர் எழுந்து நின்றே விட்டார். பெரியவர் பயந்துபோய் வேறு கடை இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போனார்.

இரண்டு ஐம்பதுக்கு மனைவி போய்ச் சேர்ந்தாள் என்று செய்தி வந்தது. மூன்று மணி அடித்தபோது அவர் ஸ்டூலை விட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றார். கடைக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார். கல்யாணத்தில் நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று இருபதுக்கு முடிந்தது என்று போன் வந்த பிறகுதான் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயந்திரத்துச் சூடு என்று ஒரு காரணமும் சொன்னார்.

ஆறேகால் மணிக்கு வாடகைக் கார் திரும்பி வந்தது. மூன்று நாள் தங்கிவிட்டு வருவதாகத்தான் திட்டம். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் அந்தத் தாள் முடிந்தது, திரும்பப் போக முடியாது. மனைவி அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை என்று அவள் வண்டி ஓட்டி வந்த வேகத்திலேயே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பழைய வேன் வந்தது, பக்கவாட்டில் லிஃப்ட் கம்பெனிப் படம், உள்ளே கம்பிச் சுருளும் கிரீஸ் டப்பாவும். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வர அடையாள அட்டை போதும். தாளெல்லாம் நமக்குத்தான்.

வேனிலிருந்து தங்கை இறங்கினாள். நல்ல பட்டுப் புடவை, காதோரம் நரை, கையில் ஒரு காகித உறை. நடந்து வந்தவள் கடைசிப் பத்தடியை ஓடி வந்தாள். வந்து அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பின்னால் நின்று சிரித்தார். நம்மவர் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், லிஃப்ட் எப்படி இருக்கிறது என்றே கேட்டுவிட்டார். ஓடுகிறது, ஆனாலும் பார்க்கப் போவேன் என்றார் மாப்பிள்ளை. அந்தப் பதிலிலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

தங்கை உறையிலிருந்து பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு பெயர், தேதி, முத்திரை, கீழே சாட்சிகள். மாப்பிள்ளையின் அக்கா கையெழுத்து. அதற்கடுத்து மனைவியின் கையெழுத்து, வளைவு நெளிவில்லாமல், நேர் ரோடு மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாக இருக்கிறது என்றார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

"அதுக்குக் கீழ பாருண்ணா," என்றாள் தங்கை.

கீழே ஒரு கட்டம் இருந்தது. காலியாக. அதற்குத் தலைப்பும் இருந்தது, அலுவலக உபயோகத்துக்கு மட்டும்.

"இதுல ஏதாவது போடுவீங்களான்னு பதிவாளர்கிட்ட கேட்டேன். முப்பது வருஷமா ஒண்ணும் போட்டதில்லைன்னாரு. நீ போடு."

அவர் முடியவே முடியாது என்றார். ஒரிஜினலில் கை வைக்க மாட்டேன், ஏற்கனவே இரண்டு முறை பட்டாகிவிட்டது, மூன்றாவது தடவை என்னால் தாங்க முடியாது என்றார். தங்கை விடுவதாக இல்லை. கடைசியில் ஜெராக்ஸ்காரர்தான் வழி சொன்னார். தன்னிடம் இருப்பதிலேயே கனமான தாளை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். ஒரிஜினல் உறைக்குள் பத்திரமாகத் திரும்பிப் போனது.

லேமினேஷன்காரர் பிரதியை மேஜையில் வைத்துச் சட்டைப் பையிலிருந்து புதுப் பேனாவை எடுத்தார். கிழிந்த துண்டுகளும் கூடவே வந்து கீழே விழுந்தன. தங்கை குனிந்து எடுத்தாள். விரித்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தாள். எத்தனை வயதானாலும் மறக்கிற கிழிசலா அது? அதிலிருந்த அண்ணன் பெயரைப் பார்த்தாள். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் மனைவி. அவர் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் பழகியிருந்தும் வால் கட்டத்தைத் தாண்டி வெளியே ஓடிவிட்டது.

"இப்ப லேமினேட் பண்ணு," என்றாள் தங்கை.

"வேண்டாம்மா."

"பண்ணுண்ணா. இதுல இனிமே யாரும் எதுவும் போட வேண்டியதில்ல. எல்லாம் போட்டாச்சு."

இயந்திரம் சூடாகத்தான் இருந்தது. தாளை உறைக்குள் நேராக வைத்து, ஊதித் தூசி தட்டி, உருளைக்குள் விட்டார். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெதுவாக மறுபக்கம் வந்தது. ஓரத்தை மயிரிழை விட்டு வெட்டி, நாலு மூலையையும் உருட்டித் தங்கை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

மனைவி காருக்குப் போய்ச் சாவியைப் போட்டாள். எல்லை ஏழு மணிக்கு மூடிவிடும், வேன்காரர்கள் முதலில் கிளம்புங்கள் என்று அங்கிருந்தே அதட்டினாள்.